பல் அடைக்கப் போகிறவருக்கு

சிங்கப்பூரில் தேக்காச் சந்தையில் தொடங்கி, சிராங்கூன் சாலை வழியே வீரமாகாளியம்மன் ஆலயத்தைக் கடந்து, சையது ஆல்வி சாலை வரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்து செல்கிறவர், வழியிலுள்ள மருந்துக் கடைகளில் ஏதேனும் ஒன்றில், ஒரு கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, "அண்ணே, பல் வலிக்கு ஏதாவது குடுங்க" என்று தாழ்ந்த குரலில் கேட்டு நிற்கும் இளைஞர் ஒருவரைக் காணக்கூடும். கிராம்புத் தைலம் ஒரு சிறு புட்டியும் வலி மாத்திரை ஓர் அட்டையும் வாங்கிப் போய், தைலத்தைப் பஞ்சில் தோய்த்துச் சொத்தைக்குள் வைத்துக் கடித்து, அன்றிரவை எப்படியோ கழித்து, மறுநாள் விடியுமுன்னே வேலைத்தளத்துக்கு லாரி ஏறிவிடும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கிராம்பிலுள்ள யூஜினால் என்னும் பொருளுக்கு நரம்பின் வேதனையைச் சற்று நேரம் அடக்கும் குணம் மெய்யாகவே உண்டு. பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிக அடைப்புக்கு நெடுங்காலமாக உபயோகித்து வந்திருக்கிறார்கள். வலி அடங்கியதும் நோயும் அடங்கிவிட்டதென்று எண்ணி இருந்துவிடுவதும், மறுபடி வலிக்கும்போது மறுபடி தைலத்தைத் தேடுவதும், பிடுங்குவதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்ற கட்டத்தில் மருத்துவரின் நாற்காலியில் போய் அமர்வதும், ஊரிலிருந்து பிழைப்புக்கு வந்தவரிடத்தில் மட்டுமின்றி, இங்கேயே பிறந்து வளர்ந்து சகல வசதிகளுடனும் வாழ்கிறவரிடத்திலும் நான் கண்டிருக்கிற வழக்கம். அரை மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய ஒரு காரியத்தை ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போடச் செய்வது பணத்தைக் காட்டிலும் பயமே என்றும், அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறதென்று தெரியாமையே அந்தப் பயத்துக்கு வேர் என்றும் நான் நம்புகிறேன். ஆகவே அதை ஒளிவுமறைவின்றி எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. பல்லின் மேலுறையாகிய எனாமல், மனித உடலிலுள்ள பொருள்கள் யாவற்றிலும் கடினமானது. அதன் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள். ஆயினும் அதன் கனம் கடைவாய்ப் பல்லின் முகடுகளில்கூட இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான். வாயில் வாசம் செய்யும் கிருமிகளில் சில, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது அவற்றுள் பிரதானமானது, நாம் உண்ணும் சர்க்கரையைத் தாமும் உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. பல்லின் மேற்பரப்பில் அமிலம் மிகுந்து பிஎச் 5.5 என்னும் அளவுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் எனாமலின் சுண்ணாம்புச் சத்து சிறிது கரைகிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்ல மெல்லக் கழுவி, கரைந்ததில் ஒரு பங்கைத் திரும்பவும் படிய வைக்கிறது. ஒவ்வொரு வாய்க்குள்ளும் அனுதினமும் நிகழும் இந்த அழிவும் ஆக்கமும் ஈடுகொடுத்து வரும் வரையில் பல்லுக்குத் தீங்கில்லை. அழிவு மேலோங்கிவிட்டால், முதலில் சுண்ணாம்பு தடவியது போன்ற ஒரு வெண்புள்ளியும், பிறகு பழுப்பு நிறமும், அதன் பிறகு குழியும் உண்டாகின்றன. சொத்தையில் புழு இருக்கிறதென்று நம்பிக் கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அதன் புகையை வாயில் பிடிக்கச் செய்த நம் முன்னோர், ஏதோ ஓர் உயிர் பல்லைத் தின்கிறது என்று கருதிய மட்டில் பிழையாக எண்ணவில்லை. அந்த உயிர் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது என்பதை அறியத்தான் நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது.

எனாமலில் நரம்பு கிடையாது. ஆதலால் சொத்தை அதற்குள் இருக்கும் காலம் முழுவதும் நமக்கு யாதொரு வேதனையும் தெரிவதில்லை. அடியிலுள்ள டென்டின் என்னும் அடுக்கு மென்மையானது. அங்கே புகுந்ததும் சொத்தை பக்கவாட்டில் பரந்து, கரையான் அரித்த நிலைக்கதவைப் போல, வெளித்தோற்றத்துக்கு ஓர் ஊசித்துளையும் உள்ளே பெரியதொரு பொந்துமாக ஆகிவிடுகிறது. குளிர்ந்த நீரோ இனிப்போ பட்டால் சுரீரென்று கூசி உடனே மறைவது இந்தக் கட்டத்தில். பல்லின் நடுவேயுள்ள உயிர்ச்சதையை, அதாவது நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள கூழை, சொத்தை எட்டிவிட்டால், சூடு பட்டாலும் வலித்து நெடுநேரம் நிற்கும். ஒன்றும் படாமலே நடு இரவில் துடிக்கும். முதற்கட்டத்தில் ஃபுளோரைடு பூச்சும் கவனமும் போதும். இரண்டாம் கட்டத்துக்கு உரியது அடைப்பு. மூன்றாம் கட்டத்தில் அடைப்பு மட்டும் பயன்படாது, வேர்ச் சிகிச்சையோ பல்லை எடுப்பதோதான் மிச்சம். ஆகவே வலி வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்கிறவர், எளிய சிகிச்சைக்குரிய காலத்தைப் பெரும்பாலும் கடத்திவிட்டே போகிறார். இரண்டு பற்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் சொத்தை கண்ணாடியில் பார்த்தாலும் தென்படாது. அதற்காகவே மருத்துவர் ஒரு சிறு படத்தகட்டைக் கடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கிறார்.

பல் நலம் பேணும் விஷயத்தில் சிங்கப்பூர் ஆசியாவில் முன்னோடியாக நின்ற நாடு. மன்னர் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவத் துறை 1929 இல் திறக்கப்பட்டது. பள்ளிப் பல் மருத்துவச் சேவை 1949 இல் தொடங்கியது. 1956 இல் ஆரம்பித்து 1958 க்குள் தீவு முழுவதற்குமான குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டது. ஒரு தேசத்தின் ஜனங்கள் அனைவருக்கும் குழாய் வழியாகவே பல்லுக்குக் காப்பளித்த இந்த ஏற்பாடு ஆசியாவில் முதன்முதலாக நிகழ்ந்தது இங்கேதான். இதே ஃபுளோரைடு, நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இயற்கையாகவே அளவுக்கு மிஞ்சிக் கலந்திருப்பதனால், அங்கே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறையையும், பெரியவர்களின் எலும்புகளில் விறைப்பையும் உண்டாக்கி வந்திருக்கிறது. அதற்குப் பரிகாரமாகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக்குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரே உப்பு ஓரிடத்தில் மருந்தாகவும் ஓரிடத்தில் நஞ்சாகவும் இருப்பதன் இரகசியம் அளவில் இருக்கிறது. வெயில் நாட்டில் மனிதர் அதிகமாகத் தண்ணீர் குடிப்பதைக் கருதி, சிங்கப்பூர் தன் அளவைக் குளிர் நாடுகளின் அளவினும் குறைத்தே வைத்திருக்கிறது.

எழுபதுகளில் இங்கே தொடக்கப்பள்ளியில் படித்தவர்களுக்கு இன்னொரு காட்சி நினைவிருக்கும். இடைவேளை முடிந்ததும் மாணவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையும் துலக்கியுமாகப் பள்ளிக்கூடத்துச் சாக்கடை ஓரம் வரிசையாகக் குந்தியமர்ந்து, ஆசிரியர் சொல்லச் சொல்ல, மேல்வரிசை, கீழ்வரிசை என்று பல் துலக்குவார்கள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் பல் தாதி வந்து நின்று ஒரு பெயரைச் சொல்லி அழைப்பதும், அந்தப் பிள்ளை முகம் வெளிறி எழுந்து பல் சிகிச்சை அறைக்குப் போவதும் அன்றைய வாழ்வின் சாதாரண நிகழ்ச்சிகள். அந்தத் தாதிமார் செய்த சேவைக்கு இந்நாடு மிகவும் கடமைப்பட்டிருக்கிறது. எனினும், என் தலைமுறையில் பலர் நெஞ்சில், பல்லைக் குடையும் இரைச்சலிடும் கருவியைப் பற்றிய பயம் குடியேறியதும் அந்த அறையில்தான்; ஏழு வயதுப் பிள்ளைக்கு இன்னது செய்யப் போகிறோம் என்று விளக்கிச் சொல்லும் வழக்கம் அந்நாளில் அதிகம் இல்லை.

இனி நாற்காலிக்கு வருவோம். உறவினரான பெரியவர் ஒருவருக்குத் துணையாக, லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள ஒரு பல் மருந்தகத்துக்கு நான் போயிருந்தேன். நாற்காலி மெல்லச் சாய்ந்ததும் அவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "ஏம்மா, பல்லைப் பிடுங்கிட மாட்டீங்களே?" என்று உதவியாளராகிய பெண்ணிடம் கேட்டார். "இல்ல அங்கிள், அடைக்கத்தான் போறாங்க. நடுவுல வலிச்சா பேச வேண்டாம், இடது கையை மட்டும் தூக்குங்க, டாக்டர் உடனே நிறுத்திடுவாங்க" என்றாள் அவள். அந்த ஒரு வாக்கியம் அவர் தோள்களைத் தளரச் செய்ததை நான் கண்ணாரக் கண்டேன். வேண்டும்போது நிறுத்தலாம் என்ற உறுதி நோயாளிக்குக் கிடைத்துவிட்டால் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மருத்துவர் தாமாக இதைச் சொல்லாவிட்டால் நாம் கேட்டு ஏற்பாடு செய்துகொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இருதய நோய், நீரிழிவு, இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகள், கருவுற்றிருத்தல், எந்த மருந்துக்காவது ஒவ்வாமை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதும் அத்தியாவசியம்.

ஊசி போடுமுன் ஈறில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி ஓரிரு நிமிஷம் காத்திருப்பார்கள். பிறகு ஒரு குத்தலும், மருந்து உள்ளே செல்லும்போது ஓர் அழுத்தமும் தெரியும். வேதனை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இவ்வளவே. இன்று மிகுதியாக உபயோகப்படும் லிக்னோகெய்ன் மருந்தை 1943 இல் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் நீல்ஸ் லோஃப்கிரென் ஆக்கினார். மனித குலத்தின் உபகாரிகள் வரிசையில் அவர் பெயரும் இருக்க வேண்டுமென்பது என் கருத்து. மருந்து நெடுநேரம் நிற்பதற்காக அதில் சிறிதளவு அட்ரினலின் கலந்திருப்பதனால் சிலருக்கு ஓரிரு நிமிஷம் நெஞ்சு படபடக்கும். அது தானே அடங்கிவிடும். உதடும் கன்னமும் வீங்கிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் வீக்கம் எதுவும் இராது. சொத்தை மிக ஆழமில்லாதபோது ஊசியே தேவைப்படாமலும் போகலாம்.

அடுத்ததாகச் சொத்தையைக் குடைந்தெடுக்கும் வேலை. காற்றின் விசையால் நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுச் சுழலும் கருவி, 1957 இல் அமெரிக்காவில் ஜான் போர்டன் என்பவரால் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்னிருந்த மெதுவான கருவிகள் தந்த அதிர்ச்சியையும் நடுக்கத்தையும் அறிந்தவர்களே இன்றைய சௌகரியத்தின் அருமையை உணர்வார்கள். கீச்சென்ற ஒலி இந்த வேகத்தினால் எழுவது. அவ்வளவு வேகத்தில் உண்டாகும் சூடு பல்லின் உயிர்ச்சதையைப் பாதிக்காதிருக்க, கருவியின் நுனியிலிருந்து இடைவிடாது நீர் பீறிட்டுக்கொண்டிருக்கும். அந்நீரை உறிஞ்சுவதற்கு உதவியாளர் ஒரு குழாயை வாயோரத்தில் பிடித்திருப்பார். மரத்த இடத்தில் வலி தெரியாது. அழுத்தமும் அதிர்வும் தெரியும். இவற்றையே வலியென்று மயங்கி உடலை விறைத்துக்கொள்கிறவர்கள் அநேகர். கூர்மையான வேதனை தெரிந்தால் கையைத் தூக்க வேண்டியதுதான். மருத்துவர் இன்னும் சிறிது மருந்து செலுத்துவார். ஆழத்தை நெருங்கும்போது அவர் வேகக் கருவியை வைத்துவிட்டு, மெதுவாகச் சுழலும் இன்னொன்றையோ, சிறு கரண்டி போன்ற கைக்கருவியையோ எடுத்துக்கொள்வார். அப்போது சுரண்டுவது போன்ற சத்தம் கேட்கும்.

குழி சுத்தமானபின் அதை நிரப்புவது. இன்றைக்குப் பெரும்பாலும் பல்லின் நிறத்திலேயே உள்ள காம்போசிட் என்னும் பிசின் கலவையை உபயோகிக்கிறார்கள். அது பல்லோடு ஒட்டிக்கொள்ளும் வித்தை, 1955 இல் மைக்கேல் புவோனகோர் என்ற அமெரிக்க அறிஞர் கண்டறிந்த எளிய உண்மை ஒன்றை ஆதாரமாகக் கொண்டது: அமிலத்தைத் தடவிக் கழுவினால் எனாமலின் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பை அடைகிறது, அந்தச் சொரசொரப்பில் பிசின் இறுகப் பற்றிக்கொள்கிறது. நீலநிறமாயுள்ள அமிலக் களிம்பு பூசப்படுவதும், சற்றுப் புளித்த சுவை நாவில் தட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான். பிறகு ஒட்டுமருந்து, அதன்மேல் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஓர் அடுக்குக் கலவை, அதை இறுகச் செய்ய நீல ஒளி, மறுபடி ஓர் அடுக்கு, மறுபடி ஒளி. எச்சில் ஒரு துளி பட்டாலும் பிடிப்புக் கெட்டுவிடும் என்பதனால், பஞ்சுருளைகளை வைப்பதும், சில சமயம் மெல்லிய ரப்பர் திரையால் அந்தப் பல்லை மட்டும் தனிமைப்படுத்துவதும் உண்டு. வாயை நெடுநேரம் திறந்து வைத்திருக்கும் சிரமத்துக்கு ஒரு காரணம் இருக்கிறதென்று தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் அமால்கம் நூறாண்டுக்கும் மேலாக உலகுக்கு உழைத்த பொருள். மலிவானது, உறுதியானது, எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். பாதரச நஞ்சினால் ஜப்பானிய ஊராகிய மினமாட்டாவில் நேர்ந்த பெருந்துயரின் பெயரால் 2013 இல் உருவான சர்வதேச உடன்படிக்கை, சுற்றுச்சூழல் நலம் கருதி அமால்கத்தின் உபயோகத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. சிங்கப்பூரும் அதனை 2017 இல் ஏற்றுக்கொண்டது. இதைக் கேள்விப்பட்டு, வாயில் பழுதின்றி இருக்கும் பழைய வெள்ளி அடைப்புகளைப் பெயர்த்தெடுக்கச் சொல்லும் அன்பர்கள் சிலர் இருக்கிறார்கள். அது வேண்டாத வேலை. பெயர்க்கும்போது நல்ல பல்லும் சிறிது போய்விடும், பாதரச ஆவியும் அப்போதுதான் அதிகமாக எழும். பாற்பற்களுக்கும் வேரோரத்துச் சொத்தைகளுக்கும் கிளாஸ் அயனோமர் என்ற மூன்றாவது பொருளும் உண்டு. உறுதியில் குறைந்ததாயினும் அது ஃபுளோரைடைக் கசியவிடும்.

இறுதியில் ஒரு வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்வார்கள். அடைப்பு உயரமாயிருக்கும் இடத்தில் வண்ணம் அழுத்தமாகப் பதியும். அதைத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். வாய் மரத்திருக்கும்போது சரியாகக் கடிக்க வராது என்பதனால், வீட்டுக்கு வந்தபின் அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுவதாகத் தோன்றினால் தயங்காமல் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷ வேலை அது. மரமரப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அதற்குள் சூடான தேநீர் குடித்து நாவைச் சுட்டுக்கொள்வதும், குழந்தைகள் விளையாட்டாக உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்வதும் அடிக்கடி நடப்பவை; ஜாக்கிரதை வேண்டும். காம்போசிட் ஒளி பட்ட மாத்திரத்தில் இறுகிவிடும். அமால்கம் முழு உறுதி பெற ஒரு நாள் ஆகும். குளிர்ச்சிக்குக் கூச்சம் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம் வரையில் இருப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனாலோ, இரவில் தானாக வலித்தாலோ, ஈறு வீங்கினாலோ, உயிர்ச்சதை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள், காத்திருக்கலாகாது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனியார் மருந்தகங்களில் கட்டணம் இடத்துக்கு இடமும் குழியின் அளவுக்கு ஏற்பவும் மாறும். வாயைத் திறப்பதற்கு முன் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. குடிமக்களுக்குப் பலதுறை மருந்தகங்களின் பல் பிரிவும், சமூக சுகாதார உதவித் திட்டமாகிய சாஸ் அட்டையும், முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டைகளும் கணிசமான உதவி தருகின்றன. அட்டையைப் பணப்பையிலேயே வைத்துக்கொண்டு உபயோகிக்காத பெரியவர்கள் நம்மிடையே பலர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ நிலையத்தில் மாணவர்கள் ஆசிரியரின் நேரடிக் கண்காணிப்பில் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் கூடுதலாகும், வேலை நேர்த்தியாயிருக்கும். வெளிநாட்டு ஊழியர்களுக்கென்று 2006 இல் தொடங்கப்பட்ட ஹெல்த்செர்வ் என்ற தொண்டு அமைப்பு பல் சிகிச்சையும் அளித்து வருகிறது. தைலம் வாங்க வரும் தம்பியிடம் மருந்துக் கடைக்காரர் இந்தப் பெயரையும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் பெரிய உபகாரமாயிருக்கும்.

அடைப்பு குழியை மூடுகிறது. குழியை உண்டாக்கிய பழக்கத்தை மாற்றுவதில்லை. அடைப்புக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள ஓரத்தில் மீண்டும் சொத்தை பிடிக்கலாம். இதில் சர்க்கரையின் மொத்த அளவைவிட, எத்தனை தடவை வாய்க்குள் போகிறது என்பதே முக்கியம். ஒவ்வொரு தடவையும் உமிழ்நீர் பல்லைச் செப்பனிட்டு முடிக்க அரை மணிக்கு மேல் வேண்டும். காலை எழுந்ததும் ஒரு தே தாரிக், பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, மாலையில் பலகாரத்தோடு ஒன்று என்று, அடர்ந்த இனிப்புப் பாலூற்றி ஆற்றிய தேநீரை நாளெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கும் நம் வழக்கத்தில் பல்லுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. கடைகளில் 2023 டிசம்பர் முதல் புதிதாகத் தயாரித்துத் தரும் பானங்களுக்கும் சர்க்கரை அளவைக் காட்டும் தர எழுத்துகள் வந்துவிட்டன. பாலும் சர்க்கரையும் சேராத தேநீரை, 'தே ஓ கோசோங்' என்று கேட்டு வாங்கப் பழகியவர்கள், சில வாரங்களில் நாக்கு அதற்கு இணங்கிவிடுவதாகச் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே அனுபவம்.

குழந்தை உள்ள வீட்டாருக்கு ஒரு விஷயம். ஏறத்தாழ ஆறு வயதில், பாற்பற்கள் எதுவும் விழாமலே, அவற்றுக்குப் பின்னால் ஓசைப்படாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. பாற்பல்தானே, விழுந்துவிடும் என்று பெற்றோர் அதை அசட்டை செய்கிறார்கள்; உண்மையில் அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல், ஆழ்ந்த பள்ளங்களை உடையது, ஆகையால் முதலில் சொத்தையாவதும் அதுவே. அந்தப் பள்ளங்களைக் குடையாமலும் ஊசியில்லாமலும் ஒரு மெல்லிய பூச்சினால் மூடிவிடலாம். சில நிமிஷ வேலை, வலி அணுவளவும் இல்லை. தொடக்கப்பள்ளியில் சேர்ந்த பிள்ளை, பள்ளியில் நடக்கும் பல் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கும் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது, அதைப் புத்தகப்பையின் அடியில் கசங்க விடாமல் அன்றைக்கே கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள். அங்கே என்னென்ன செய்வார்கள் என்பதையும் பிள்ளைக்கு முதல் நாளிரவே விளக்கிச் சொல்லுங்கள்.